பரப்பின் வேகம்

இரவுப் பணி முடிய எட்டு மணி.
எட்டரைக்கு வகுப்பு.
தலைக்கவசத்தைக் கழற்றினாலும்
வார் அழுத்திய கோடு நெற்றியில் இருக்கும்,
அதோடுதான் உட்கார்கிறேன்.
திரையில் என் பெயர், எதுவீனா சோக்கே,
அதன்மேல் ஒரு சாம்பல் வட்டம்.
கேமராவை நான் போடுவதில்லை.
பின்னால் கட்டிலில் ரொசால்பா தூங்குகிறாள்,
முந்நூறு டன் லாரிக்காரி,
கனவிலும் வண்டியைப் பின்னுக்கு எடுத்தபடி.

பாடம்: திறந்த கால்வாய்களில் நீரோட்டம்.
நான் இருப்பது அட்டகாமா.
இங்கே கூரை போடுவது வெயிலுக்கு.

நாவெல் அந்திலேயோவுக்கு இருபத்தொன்பது வயது.
எனக்கு நாற்பத்தாறு.
அவன் இருப்பது வால்திவியாவில், நாட்டின் அந்தக் கோடியில்.
அவன் தலைக்குமேல் தகரம்,
தகரத்தின்மேல் மழை.
சமன்பாடு பாதியில் நிற்கக் குரல் அமுங்கி,
"மன்னியுங்கள், சத்தம். ஒரு நிமிஷம்" என்பான்.
பதினேழு பேர் காத்திருப்போம்,
எண்ணெய்க் கப்பலில் ஒருவன்,
சிமெண்ட் ஆலையில் ஒருத்தி.
அந்த ஒரு நிமிஷத்துக்கு
நான் ஒலியைக் கூட்டி வைப்பேன்.

முதல் ஒப்படைப்பு:
உங்கள் அருகே ஓடும் ஓடையொன்றை அளந்து எழுதுக.
அருகு என்றால் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.
"ஓடுகிற எதுவானாலும் சரி" என்று பதில் வந்தது.

ஓடுவது ஒன்று இருந்தது.
தாமிரத்தை எடுத்துக்கொண்டு நாங்கள் கழித்துவிடும் சேறு,
ஈய நிறத்தில், கான்கிரீட் வாய்க்காலில்.
பதினோரு வருஷமாக அதன் ஓரம் நடக்கிறேன்.
அதிகாலை மூன்று மணி, சாப்பாட்டு இடைவேளை.
பத்து மீட்டர் நாடா பிடித்து
ஆரஞ்சுத் தோலை மிதக்க விட்டேன்.
பம்ப்காரர் ஃபெர்மின் விளக்கைப் பிடித்தார்.
மூன்றாவது தோல் ஒரு வளைவில் சிக்கிக்கொண்டது.
நான்காவதற்கு அவர் ஒரு குதிரையின் பெயர் வைத்து
ஆயிரம் பெசோ பந்தயம் கட்டினார்.
ஐந்தாவது முடிந்ததும்,
"பொறியாளரம்மா, பழத்தை யார் தின்றது?"

ஏழுக்கு ஐந்து புள்ளி மூன்று.
சிவப்பில் குறிப்பு:
பரப்பின் வேகத்தை அப்படியே போட்டிருக்கிறீர்கள்.
அடியில் போவது மெதுவாகத்தான் போகும்.
புள்ளி எட்டு ஐந்தால் பெருக்குங்கள்.
அதற்கும் கீழே, இன்னொரு நாள் எழுதியதுபோல் வேறு மையில்:
இது தண்ணீருக்கு. சேறு எனக்குத் தெரியாது.
பார்த்ததில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

பெருக்கினேன்.
அப்போதும் பம்ப் பதிவேட்டோடு ஒட்டவில்லை,
வாய்க்காலில் போவதாக நான் சொன்னது அதிகம்.
இரண்டு பகல் தூக்கம் கெட்டது.
அப்புறம்தான் உறைத்தது,
ஆழத்தை நான் அளக்கவே இல்லை.
வரைபடத்தில் இருந்ததை எழுதியிருக்கிறேன்.
வரைபடத்தில் என் கையெழுத்து.

கம்பியை விட்டுப் பார்த்தேன்.
ஒரு சாண் முன்பே தட்டியது.
இறுகிப் படிந்த மணல்,
மேலே எல்லாம் அமைதியாக ஓடிக்கொண்டிருக்க.

வெட்டி எடுக்க நான்கு நாள் ஆயிற்று.
மண்வெட்டியோடு ஃபெர்மின்
அந்தப் பல்கலைக்கழகத்தை, அதன் தாயை, அதன் தாயின் தாயை
முறைப்படி விசாரித்தார்.
மேலாளர் செலவுக் கணக்கைக் கேட்டார்.
வேறெதையும் கேட்கவில்லை.

இறுதித் தேர்வு.
கண்காணிப்பாளரின் குரல், எந்த ஊரோ:
கேமராவை அறை முழுக்கத் திருப்புங்கள்.
திருப்பினேன்.
"கட்டிலில் யார்?"
தூங்குகிறாள் என்றேன்.
"யாரும் இருக்கக் கூடாது."

ரொசால்பா ஒரு வார்த்தை பேசவில்லை.
போர்வையை இழுத்துக்கொண்டு
நடைவழியில் போய்ப் படுத்தாள்,
என் பூட்ஸ் இரண்டையும் தலைக்கு வைத்து.

மூன்று மணி நேரம்.
கடைசிக் கேள்வி வெள்ளத்தைப் பற்றியது.
நான் கண்ணால் காணாத ஒன்றுக்கு
அகலம் போட்டேன், சரிவு போட்டேன்,
நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருவதற்குக்
கரையின் உயரம் போட்டேன்.
காதில் மழை இல்லை,
யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும்.

கதவைத் திறந்தேன்.
கண் திறக்காமலே கேட்டாள்:
"தண்ணி ஓடிச்சா?"
"ஓடிச்சு. எழுந்து உள்ளே வா."
"அஞ்சு நிமிஷம்" என்று
பூட்ஸைக் கட்டிக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.